பின்னறிவின் கணக்கு: அலெக்சாண்டர் – ஸ்மோல்ட்ஸ் பரிமாற்றம், 1987

1987 ஆகஸ்ட் 12 அன்று டெட்ராய்ட் டைகர்ஸ் பேஸ்பால் அணி, அட்லாண்டா பிரேவ்ஸுக்கு ஜான் ஸ்மோல்ட்ஸ் என்ற 20 வயதுப் பந்துவீச்சாளரைக் கொடுத்து, 36 வயது டாய்ல் அலெக்சாண்டரைப் பெற்றது. அலெக்சாண்டர் 1989 பருவத்தோடு ஓய்வு பெற்றார். ஸ்மோல்ட்ஸோ 213 வெற்றிகள், 3,084 ஸ்டிரைக்அவுட்கள், 1996இன் சை யங் விருது என்று வளர்ந்து 2015இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தார். ஏமாந்து போன பேரம் என்று ரசிகர்கள் இதைச் சுட்டுவது வழக்கம். அந்தத் தீர்ப்பு பிழையானது என்பதே என் வாதம்.

அன்றைய போட்டி அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும். 1987இல் ஒவ்வொரு லீகிலும் இரண்டே பிரிவுகள். பிரிவில் முதலிடம் பெற்ற அணிக்கு மட்டுமே மேற்சுற்று. வைல்டு கார்டு என்ற ஆறுதல் வாசல் அப்போது இல்லை. டெட்ராய்ட் 98 ஆட்டங்களில் வென்றது. 96இல் வென்ற டொராண்டோ வீட்டுக்குப் போனது. 162 ஆட்டங்களுக்குப் பிறகு இடைவெளி வெறும் இரண்டு! அலெக்சாண்டர் டெட்ராய்டுக்காகத் தொடங்கிய 11 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோல்வி அவர் கணக்கில் ஏறவில்லை, ஒன்பது வெற்றிகள். ஒன்பது இன்னிங்ஸுக்கு அவர் விட்டுக்கொடுத்தது சராசரியாக 1.53 ரன். அவர் இடத்தில் ஒரு நடுத்தர வீரர் வீசியிருந்தால் அந்த இடைவெளி நின்றிருக்கும் என நம்ப இடமில்லை. வெற்றிகளுக்கெல்லாம் ஒரே விலை கிடையாது. எழுபதாவது வெற்றி அட்டவணையை அழகுபடுத்தும். தொண்ணூற்றேழாவது பட்டத்தைத் தீர்மானிக்கும்.

மினசோட்டாவுடனான லீக் இறுதித் தொடரில் அலெக்சாண்டர் இரண்டு முறை தோற்றார், அணியும் வெளியேறியது என்று மறுப்பார்கள். உண்மைதான். ஆனால் டெட்ராய்ட் வாங்கியது அந்தத் தொடருக்கான நுழைவை. தொடரின் முடிவுக்கு எந்தப் பேரமும் உத்தரவாதம் தராது.

கொடுத்ததன் மதிப்பையும் அன்றைய தராசில்தான் நிறுக்க வேண்டும். ஸ்மோல்ட்ஸ் அப்போது இரண்டாம் நிலைத் துணை லீகான டபுள்-ஏ-யில் 4 வெற்றி, 10 தோல்வியோடு தடுமாறிக்கொண்டிருந்தார். ஒன்பது இன்னிங்ஸுக்கு 5.68 ரன் போய்க்கொண்டிருந்தது. மறு ஆண்டு பிரேவ்ஸுக்காகப் பெரிய லீகில் இறங்கியபோதும் 2 வெற்றி, 7 தோல்விதான். தோல்வியடைந்துகொண்டிருந்த அட்லாண்டாவால் அவருக்குப் பொறுமையாக வாய்ப்பளிக்க முடிந்தது. பட்டத்துக்குப் போராடிய டெட்ராய்டில் அந்தப் பொறுமை இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆகவே அவரது 213 வெற்றிகளையும் டெட்ராய்டின் இழப்பாக எழுதுவது கணக்கியல் முறைகேடு.

இதே அளவுகோல் பாஸ்டன் ரெட் சாக்ஸை விடுவிக்காது. 1990 ஆகஸ்ட் இறுதியில் அவர்கள் 37 வயது லாரி ஆண்டர்சனுக்காக ஜெஃப் பேக்வெல் என்ற இளம் மட்டையாளரைக் கொடுத்தார்கள். ஆண்டர்சன் நன்றாகவே வீசினார், பாஸ்டனும் பிரிவை வென்றது. ஆனால் மாற்று வீச்சாளரான அவர் அங்கு வீசியது மொத்தம் 22 இன்னிங்ஸ். பேக்வெல்லோ அதே ஆண்டு டபுள்-ஏ ஈஸ்டர்ன் லீகில் .333 சராசரியோடு அதன் மிகச்சிறந்த வீரராகத் தேர்வானவர். அவர் ஆடிய மூன்றாம் பேஸில் ஏற்கெனவே வேட் பாக்ஸ் இருந்ததால் தங்களுக்கு மிகையாகத் தெரிந்தவரைச் சந்தையிலும் மலிவானவர் என்று பாஸ்டன் எடுத்துக்கொண்டது. இது பின்னறிவு கண்டுபிடித்த பிழையல்ல. சான்று அன்றே கண்ணெதிரில் இருந்தது.