பணயக்கைதியிட்டையும் மைக் இருக்கு

ஜீ.ரீ.ஏ. ரோல்பிளே பார்க்கிற எவருக்கும் இந்தக் காட்சி பழகியிருக்கும். முகமூடி போட்ட நாலு பேர் ஒரு சின்ன வங்கிக்குள் நிற்கிறார்கள். வெளியில் பொலிஸ் கார்கள். ஒரு பொலிஸ்காரர் கதவடிக்கு வந்து "என்ன வேணும்?" எண்டு கேட்கிறார். "உள்ள ஒரு பணயக்கைதி இருக்கு. றோட்டில ஆணிப்பட்டி போடக்கூடாது, போக வழி விடோணும்." "சரி." பேச்சுவார்த்தை முடிஞ்சுது. பிறகு கார்த் துரத்தல். எல்லாரும் காத்திருந்ததே அதுக்குத்தான்.

சுவரோரம் கையைத் தூக்கிக்கொண்டு இன்னொரு ஆள் நிற்கிறார். அவரும் எங்கேயோ ஓர் அறையில் ஹெட்செற் போட்டுக்கொண்டு இருக்கிற மனிதர்தான். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சில வேளை அவர் கொள்ளையரின் கூட்டாளியாகவே இருப்பார். "ஒருக்கா வந்து நில்லு மச்சான்" எண்டு கூப்பிட்டிருப்பார்கள். நண்பர்களைப் பணயம் வைக்கக்கூடாது எண்டு கன சேவர்களில் விதி வந்தது இதனால்தான். துப்பாக்கியை நீட்டினால் உயிருக்குப் பயப்படவேணும் எண்ட விதியும் அப்படித்தான். செத்தாலும் ஆஸ்பத்திரியில் எழும்பி வரலாம் எண்ட உலகத்தில், பயத்தைச் சட்டம் போட்டுத்தான் கொண்டுவர வேண்டியிருக்கு.

இந்தக் காட்சி ஏன் இப்படி வெறுமையாக இருக்கிறது? விளையாட்டுகளின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னுக்குப் போய்ப் பார்த்தால் பதில் இருக்கிறது. 1999இல் 'ஹாஃப்-லைஃப்' விளையாட்டின்மேல் கட்டப்பட்டு வந்த 'கவுண்டர் ஸ்ரைக்'கில் பணயக்கைதிகள் கணினி ஆட்டுவிக்கிற பொம்மைகள். பொலிஸ் பக்கம் விளையாடுபவர் ஒரு பொத்தானை அமத்தினால் பின்னால் வருவார்கள். இடையில் படியில் சிக்கி நிண்டுவிடுவார்கள். அவர்களைச் சுட்டால் காசு குறையும். அவ்வளவுதான் அவர்களுடைய பெறுமதி. அதைவிட முக்கியமான விசயம் அங்கே ஓடுகிற மணிக்கூடு. நேரம் முடிந்தால் வெல்வது பிடித்து வைத்திருப்பவர்கள். ஆகவே பொலிஸ் ஓடவேணும், உடைக்கவேணும், சுடவேணும். 2013இல் வந்த 'பேடே 2' இல் பணயக்கைதியைக் கொடுத்துப் பிடிபட்ட கூட்டாளியைத் திருப்பி எடுக்கலாம். அதிலும் அவர் ஒரு நாணயம் மாதிரித்தான். எங்கட தலைமுறை பணயக்கைதி நாடகத்தைப் பழகினது இவற்றில்தான்.

உண்மையான வரலாறு இதற்கு நேர் எதிரானது. அங்கே நேரம் பொலிசின் பக்கம்.

இதை உலகம் பெரிய விலை கொடுத்துத்தான் படித்தது. 1972 செப்ரெம்பர் 5, மியூனிச் ஒலிம்பிக். எட்டு ஆயுததாரிகள் இஸ்ரேலிய அணியின் தங்குமிடத்துக்குள் புகுந்து, இரண்டு பேரைக் கொன்று, ஒன்பது பேரைப் பிடித்து வைத்தார்கள். மேற்கு ஜேர்மன் பொலிஸ் கட்டடத்தின்மேல் ஏறித் தாக்கப் போனபோது, அந்தக் காட்சி நேரலையில் ரீவியில் போய்க்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்களிடமும் ரீவி இருந்தது. திட்டம் கைவிடப்பட்டது. (மற்றவர் ஸ்ரீமைப் பார்த்து விளையாடுவதை ரோல்பிளேயில் ஏன் தடை செய்கிறார்கள் எண்டு கேட்கிறவர்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.) இரவு, விமான நிலையத்தில் எட்டுப் பேருக்கு எதிராக நிறுத்தப்பட்ட துப்பாக்கிக்காரர்கள் ஐந்து பேர். அவர்களுக்குள் பேச வானொலித் தொடர்புகூட இல்லை. ஒன்பது பணயக்கைதிகளும் இறந்தார்கள். ஒரு பொலிஸ்காரரும் இறந்தார்.

அந்த இரவைப் பார்த்துத்தான் நியூயோர்க் பொலிஸ் தன்னுடைய முறையை மாற்றியது. உளவியலில் கலாநிதிப் பட்டம் பெற்றிருந்த துப்பறிவாளர் ஹார்வி ஷ்லொஸ்பேர்க்கும் ஃபிராங் போல்ஸ் எண்ட அதிகாரியும் 1973இல் ஒரு பேச்சுவார்த்தைக் குழுவை உருவாக்கினார்கள். அடிப்படை எளிமையானது. சுற்றி வளை, உள்ளே இருப்பவரைப் பேச வை, அவசரப்படாதே. மனிசருக்குப் பசிக்கும், நித்திரை வரும், கோபம் இறங்கும். முதல் அரை மணித்தியாலத்தில் "எல்லாரையும் கொல்லுவன்" எண்டு கத்தினவர், பத்தாவது மணித்தியாலத்தில் சாப்பாடு எப்ப வரும் எண்டு கேட்பார். இன்னொரு விதியும் இருந்தது. பேசுகிறவர் முடிவெடுப்பவராக இருக்கக்கூடாது. அப்போதுதான் எந்தக் கோரிக்கைக்கும் "மேல கேட்டுச் சொல்லுறன்" எண்டு பொய்யில்லாமல் சொல்லி நேரம் வாங்கலாம்.

அதே 1973 ஓகஸ்ட் 23இல் ஸ்ரொக்ஹோம் நகரத்து வங்கி ஒன்றில் யான்-எரிக் ஒல்சன் நாலு ஊழியர்களைப் பிடித்தார். அவர் கேட்டபடி சிறையில் இருந்த கிளார்க் ஒலொஃப்சனையும் அங்கே கொண்டுவந்தார்கள். ஆறு நாள் இழுபட்டது. பாதுகாப்புப் பெட்டக அறைக்குள் இருந்துகொண்டு 23 வயதான கிறிஸ்ரின் என்மார்க் சுவீடனின் பிரதமர் ஒலொஃப் பால்மேயோடு தொலைபேசியில் பேசினார். கொள்ளையர்களைவிடப் பொலிஸ் தாக்குதலுக்குத்தான் தனக்குப் பயம், அவர்களோடு காரில் போக விடுங்கோ எண்டு கேட்டார். கடைசியில் பொலிஸ் கூரையில் துளை போட்டு வாயு அடித்துத்தான் விசயத்தை முடித்தது. பணயக்கைதிகள் யாரும் சாகவில்லை.

பொலிசுக்கு ஆலோசனை சொன்ன மனநல மருத்துவர் நில்ஸ் பேயெரொட் இந்த மனநிலைக்கு ஒரு பெயர் வைத்தார். அதுதான் பிறகு 'ஸ்ரொக்ஹோம் சிண்ட்ரோம்' எண்டு உலகம் முழுக்கப் போனது. என்மார்க் அந்தப் பெயரை ஏற்கவே இல்லை. எனக்கும் அவர் பக்கம்தான் நியாயமாகப் படுகிறது. துப்பாக்கியோடு ஒருவன் உள்ளே, துப்பாக்கியோடு நூறு பேர் வெளியே. நடுவில் இருக்கிறவர் யார் முதல் சுடுவார் எண்டு கணக்குப் பார்த்தால் அது நோய் இல்லை. அவர் யோசிச்சார், பேசினார், பேரம் பேசினார். அதை நோய் எண்டு சொன்னதால் அவருடைய கணக்கை யாரும் கேட்கத் தேவையில்லாமல் போச்சுது.

இதனால்தான் ரோல்பிளே எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. 'கவுண்டர் ஸ்ரைக்'கில் பொம்மை நிண்ட இடத்தில் இப்ப ஒரு ஆள் நிற்கிறார், அவரிட்ட மைக் இருக்கு. அப்படியிருந்தும் அவரைப் பொம்மையாகவே நடத்துகிறோம்.

ஆறு நாள் விளையாட ஏலாதுதான், நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. ஆனால் இருபது நிமிசத்துக்குள்ளேயே நேரத்தை இழுக்கலாம். பேசுகிற பொலிஸ்காரருக்கு முடிவெடுக்கிற அதிகாரம் இல்லை எண்டு வைத்துப் பாருங்கோ. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அவர் காருக்குத் திரும்பிப் போய்க் கேட்க வேண்டிவரும். உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள்ளே சண்டை பிடிக்கத் தொடங்குவார்கள். தண்ணி கேட்கட்டும், மருந்து கேட்கட்டும். ஒவ்வொன்றுக்கும் பதிலாக ஏதாவது கேட்கட்டும். கார்த் துரத்தல் தானே காத்திருக்கும்.

ஒரு விசயத்தில் மட்டும் யதார்த்தம் வேண்டாம். பணயக்கைதியாக நிற்க விருப்பமா எண்டு கதாபாத்திரத்துக்கு வெளியே ஒருக்கா கேட்டுவிட வேணும். ஆளைப் பிடிச்சுக்கொண்டு போன கதை எங்கட எத்தனை வீடுகளில் இருக்கெண்டு இங்கே விளக்கத் தேவையில்லை. மைக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் வீடும் அப்படி ஒன்றாக இருக்கலாம்.

சம்மதித்து நிற்கிறவருக்குச் செய்ய நிறைய இருக்கு. 1973 ஜனவரியில் புறூக்ளினில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையை நாலு ஆயுததாரிகள் பிடித்தார்கள். தொடக்கத்திலேயே ஒரு பொலிஸ்காரர் கொல்லப்பட்டார். அதுக்குப் பிறகும் பொலிஸ் உள்ளே பாயாமல் காத்திருந்தது. 47 மணித்தியாலம் போனது. மறைத்து அடைத்திருந்த சுவர் ஒன்றுக்குப் பின்னால் கூரைக்குப் போகிற படிக்கட்டு இருந்தது கடைக்காரருக்குத் தெரியும். பணயக்கைதிகள் அந்தச் சுவரை உடைத்துக் கூரைக்குப் போய்த் தப்பினார்கள். பிறகு ஆயுததாரிகள் சரணடைந்தார்கள்.

ரோல்பிளேயில் சுற்றாடலை விவரிக்க 'டூ' எண்ட கட்டளை இருக்கிறது. சுவரோரம் நிற்கிற ஆள் அதில் "இந்தக் கடையின்ர பின்சுவர் வெறும் பலகை" எண்டு எழுதினால் அந்த நாலு முகமூடிகளும் என்ன செய்வார்கள் எண்டு எனக்குப் பார்க்க ஆசை.