பூனைக்காலியும் ஆண்மை வியாபாரமும்

பாலக்காட்டின் கோவிந்தாபுரம் முதல் இடுக்கியின் குமுளி வரை, தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் எல்லையோரங்களில், வேலிகளிலும் காட்டோரங்களிலும் படரும் கொடி பூனைக்காலி. மலையாளிகளுக்கு நாய்க்குரணை. நெற்றின் மேல் பொன்னிறச் சுணை. கை பட்டுவிட்டால் சொறிந்து மாளாது. உள்ளே இருக்கும் விதைக்கோ நாட்டு மருந்துக் கடையில் தனி மரியாதை. பாலில் வேகவைத்து, தோலுரித்து, உலர்த்திப் பொடித்தால் அது 'ஆண்மை' மருந்து.

இந்தப் பெயர் நேற்று வந்ததல்ல. கேரள வைத்தியர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் அஷ்டாங்க ஹிருதயத்தின் கடைசி அத்தியாயம் வாஜீகரணம். பால், நெய், உளுந்து, பூனைக்காலி என்று உடம்பைத் தேற்றி, பிள்ளைப்பேற்றுக்குத் தயார் செய்வது அதன் நோக்கங்களில் ஒன்று. கணக்கு பெரும்பாலும் விந்துவைச் சுற்றித்தான்; ரத்தத்தைச் சுற்றி அல்ல.

விறைப்பு ரத்தத்தின் வேலை என்பது ஐரோப்பாவுக்கும் தாமதமாகத்தான் புரிந்தது. காற்று நிரம்புவதாகவே அங்கு நம்பினார்கள். தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்களைப் பார்த்த லியனார்டோ டா வின்சி, உள்ளே இருப்பது ரத்தம் என்று குறித்துவைத்தார். 1668இல் நூல் வெளியிட்ட டச்சு மருத்துவர் ரெனியர் டி கிராஃப், பிணத்தின் ரத்தக்குழாயில் நீரைச் செலுத்தி விறைப்பை வரவழைத்தே காட்டினார்.

உள்ளே நடப்பது இதுதான். மூளையிலிருந்தோ தொடுகையிலிருந்தோ வரும் சைகை, தண்டுவட நரம்புகள் வழியே இறங்குகிறது. நரம்பு நுனிகள் நைட்ரிக் ஆக்ஸைடை வெளியிட, பஞ்சு போன்ற இரு திசுத் தண்டுகளில் உள்ள தசை தளர்கிறது. ரத்தம் பாய்ந்து நிறைகிறது. வெளியேற்றும் சிரைகள் கெட்டியான உறையோடு நசுங்கி அடைபட, வந்த ரத்தம் தங்கிவிடுகிறது. ஆக, தளர்ந்தால்தான் விறைக்கும். 'நரம்புத் தளர்ச்சி' என்று பயம் காட்டியே லாட்ஜ் அறைகளில் கல்லா கட்டிய வைத்தியர்கள் இதைச் சொன்னதில்லை. பாலின்ப ஆற்றலைக் கூட்டுவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்தும், தமிழ் நாளிதழ்களில் இன்ன தேதி, இன்ன ஊர், இன்ன லாட்ஜ் என்று கட்டம் கட்டி அந்த விளம்பரம் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்படியானால் பூனைக்காலி வெறும் கட்டுக்கதையா? அதுவும் இல்லை. 1937இல், பாலக்காடு இன்னும் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாமோதரனும் ராமசாமியும் அந்த விதையிலிருந்து எல்-டோப்பாவைப் பிரித்தெடுத்தார்கள். மூளையில் டோப்பமினாக மாறும் பொருள் அது. 1960களில் பார்க்கின்சன் நோய்க்கு மருந்தானது. அதை உட்கொண்ட நோயாளிகள் சிலருக்குக் காம நாட்டம் கூடியதையும் மருத்துவர்கள் கவனித்தார்கள். நாட்டம் வேறு, ரத்தம் பாய்வது வேறு. சர்க்கரை நோயால் ரத்தக்குழாய் கெட்டவருக்கு விதைப்பொடி என்ன செய்துவிடும்?

1998இல் நைட்ரிக் ஆக்ஸைடு ஆய்வுக்கு நோபல் பரிசு. அதே ஆண்டு அமெரிக்காவில் விறைப்புக்கான வயாகரா மாத்திரைக்கு அனுமதி. நெஞ்சுவலிக்காக ஆராயப்பட்ட சில்டெனாஃபில்தான் அது. மருந்துப் பொருளுக்கு இந்தியாவில் 2005 வரை காப்புரிமை இல்லாததால், உள்நாட்டுக் கம்பெனிகள் அதை மலிவாகவே செய்துவிட்டன.

மூலிகை வியாபாரத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. 'முழுக்க மூலிகை' என்று விற்ற மாத்திரைகளில் சில்டெனாஃபில் கலந்திருந்ததைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் கண்டுபிடித்திருக்கின்றன. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் நைட்ரேட் மாத்திரை வைப்பவர் அதை விழுங்கினால், ரத்த அழுத்தம் உயிரைப் பறிக்கும் அளவுக்குச் சரியலாம்.