பத்து வருடம் ஓடிய ஒரு இசைப் பத்திரிகை

ஆரம்பிப்பது யாராலும் முடியும். கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பிக்காத கல்லூரி உண்டா? அது மூன்றாவது இதழோடு நின்று போகாத கல்லூரிதான் உண்டா? :) முதல் இதழுக்கு எல்லோரும் எழுதுவார்கள். இரண்டாவதற்கு நான்கு பேர் எழுதுவார்கள். மூன்றாவதை ஒருத்தனே நாலு புனைபெயர் வைத்துக்கொண்டு எழுதி ஒப்பேற்றுவான். அத்தோடு சரி.

இந்தக் கட்டுரையின் நாயகனும் கிட்டத்தட்ட அப்படித்தான் மாட்டிக்கொண்டார். ஆனால் அவர் நிறுத்தவில்லை. வாரத்துக்கு இரண்டு இதழ் வீதம் பத்து வருடம் நடத்தினார். அவர் பெயர் ராபர்ட் ஷூமன். ஜெர்மனிக்காரர். மேற்கத்திய செவ்வியல் இசை கேட்கும் நண்பர்களுக்கு அவரை இசையமைப்பாளராகத் தெரிந்திருக்கும். அவர் ஒரு பத்திரிகைக்காரரும்கூட என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பத்திரிகையின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

புத்தகக் கடைக்காரர் மகன்

ஷூமன் 1810-இல் ஸ்விக்காவ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா புத்தக வியாபாரி, பதிப்பாளர். அதனால் பையனுக்குச் சின்ன வயதிலேயே இரண்டு பைத்தியம். ஒன்று இசை, இன்னொன்று இலக்கியம். 1828-இல் சட்டம் படிக்க லைப்சிக் நகரத்துக்கு அனுப்பினார்கள். சட்டம் எங்கே படித்தார்? ஃபிரீட்ரிக் வீக் என்ற பியானோ ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார். 1830-இல் வீக்கின் வீட்டிலேயே குடியேறிவிட்டார்.

பெரிய பியானோக் கலைஞன் ஆக வேண்டும் என்பதுதான் கனவு. ஆனால் வலது கை விரல் ஒன்று ஒத்துழைக்காமல் போனது. ஏன் அப்படி ஆனது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயவில்லை. எப்படியோ, 1832 வாக்கில் மேடைக் கனவு முடிந்தது. மிச்சம் இருந்தவை இரண்டுதான்: இசையமைப்பது, எழுதுவது.

எழுத்தில் அவர் ஏற்கெனவே ஒரு கல் எறிந்து பார்த்திருந்தார். லைப்சிக்கில் 1798 முதல் வந்துகொண்டிருந்த ஒரு பழைய இசைப் பத்திரிகையில், 1831 டிசம்பரில் அவருடைய கட்டுரை ஒன்று வந்தது. ஷோப்பான் என்ற போலந்து இளைஞரின் ஒரு படைப்பைப் பற்றியது. அந்த இளைஞருக்கும் ஷூமனின் வயதுதான், 21. கட்டுரையை ஷூமன் ஒரு குட்டிக் கதை மாதிரி எழுதியிருந்தார். கற்பனை நண்பர்கள் சிலர் அந்த இசையைப் பார்த்து வியந்து பேசிக்கொள்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? அதே படைப்பைப் பற்றி வழக்கமான பாணியில் இன்னொருவர் எழுதிய விமர்சனத்தையும் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். அதாவது, "இந்தப் பையன் உளறினால் எங்களைக் குற்றம் சொல்லாதீர்கள்" என்கிற மாதிரி.

காபிக்கடைக் கூட்டம்

1833 கடைசியில் லைப்சிக்கின் காஃபேபௌம் என்ற காபிக்கடையில் ஒரு கூட்டம் தினமும் மாலையில் கூடியது. பெரும்பாலும் இளைஞர்கள், இசைக்காரர்கள். அவர்களுக்கு ஒரு ஆத்திரம் இருந்தது. பீத்தோவன் இறந்தது 1827-இல், ஷூபர்ட் இறந்தது 1828-இல். அதற்குப் பிறகு பியானோ என்றால் ஹெர்ட்ஸ், ஹ்யூன்டன் போன்றவர்களின் விரல் வித்தைதான் எங்கும் விற்றது. விமர்சகர்களோ யாரையும் பகைத்துக்கொள்ளாமல் எல்லாருக்கும் தேன் தடவிக்கொண்டிருந்தார்கள்.

சும்மா உட்கார்ந்து புலம்புவதை விட்டுவிட்டு நாமே ஏதாவது செய்வோம் என்று முடிவெடுத்தார்கள். 1834 ஏப்ரல் 3-ஆம் தேதி முதல் இதழ் வந்தது. அடுத்த ஆண்டு முதல் அதற்கு நிலைத்த பெயர் 'நோயே ஸைட்ஷ்ரிஃப்ட் ஃபூர் மூசிக்'. தமிழில் சொன்னால் 'இசைக்கான புதிய பத்திரிகை'. பெயரில் அலங்காரம் ஒன்றும் இல்லை.

ஆரம்பக் குழுவில் முக்கியமானவர்கள் நான்கு பேர்: ஷூமன், அவருடைய குரு வீக், யூலியுஸ் க்னோர், லுட்விக் ஷுங்கே. முதல் வருடம் முடிவதற்குள் என்ன ஆனது என்று பாருங்கள். வீக் தன் மகள் கிளாராவின் கச்சேரிகளுக்காக ஊர் ஊராகப் போய்விட்டார். க்னோருக்கு உடம்பு சரியில்லை. ஷூமனின் நெருங்கிய நண்பரான ஷுங்கே காசநோயில் 1834 டிசம்பரில் இறந்தே போனார். வயது 23.

ஆக, மூன்றாவது இதழ் நிலைமை வந்துவிட்டது. நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஷூமன் பத்திரிகையின் உரிமையைத் தானே வாங்கிக்கொண்டு, 1835 முதல் தனியாளாக ஆசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஒரே ஆள், பல குரல்

ஒரு இதழ் என்பது நான்கு பக்கம். கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் வாரத்துக்கு இரண்டு, வருடத்துக்கு நூற்றுச் சொச்சம் இதழ்! பாரிஸ், வியன்னா என்று பல ஊர்களிலிருந்து கடிதம் எழுதுபவர்களைப் பிடிக்க வேண்டும், அவர்களை விரட்ட வேண்டும், வந்ததைத் திருத்த வேண்டும், அச்சுப்பிழை பார்க்க வேண்டும், குவிகிற புதுப் படைப்புகளை எல்லாம் வாசித்துப் பார்த்து எழுத வேண்டும்.

இதற்கு ஷூமனிடம் இரண்டு ஆயுதங்கள் இருந்தன. முதலாவது, கணக்குப்பிள்ளை புத்தி. கனவு காணும் கலைஞன் என்று நாம் நினைக்கிற இந்த ஆள், வந்த கடிதம், போன கடிதம் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் பதிந்து வைத்தார். 1837 முதல் வரவு செலவுக் குறிப்பேடும் எழுதி வந்தார். பத்து வருடம் பத்திரிகை ஓடியதில் பாதிப் பெருமை அந்த நோட்டுகளுக்குத்தான் சேர வேண்டும் என்பது என் கட்சி.

இரண்டாவது, விளையாட்டு. விவிலியத்தில் பெலிஸ்தரோடு மோதிய தாவீதின் பெயரில் ஒரு கற்பனைச் சங்கத்தை உருவாக்கினார். ரசனை கெட்டவர்கள் எல்லாம் பெலிஸ்தர், நாமெல்லாம் தாவீதின் கூட்டம்! அதில் ஃபுளோரெஸ்டான் என்பவன் முன்கோபி. யூசேபியஸ் அமைதியான கனவுக்காரன். இரண்டு பேரும் ஷூமன்தான். இவர்கள் சண்டை முற்றினால் நடுவில் வந்து தீர்ப்புச் சொல்ல ராரோ என்ற பெரியவர். நிஜ மனிதர்களும் உண்டு. மெண்டல்சனுக்கு ஒரு புனைபெயர், கிளாராவுக்கு ஒன்று.

இதை வெறும் குறும்பு என்று நினைத்துவிட வேண்டாம். ஒரே ஆள் வருடக்கணக்கில் ஒரே குரலில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருந்தால் வாசகனுக்கும் சலிக்கும், எழுதுபவனுக்கும் சலிக்கும். ஒரு படைப்பைப் பிடிக்கவும் செய்கிறது, எரிச்சலும் வருகிறது என்றால் என்ன செய்வது? ஃபுளோரெஸ்டானைத் திட்டவிட்டு, யூசேபியஸைப் பாராட்டவிட்டார். சந்தேகத்தை மறைக்காமல் அச்சேற்ற அவர் கண்டுபிடித்த வழி அது.

1835-இல் பெர்லியோஸின் 'அற்புத சிம்பொனி'யைப் பற்றி மிக நீண்ட கட்டுரை எழுதினார். முழு வாத்தியக்குழுவுக்கான சுரத்தாள் அவர் கையில் இல்லை. பியானோவுக்காக லிஸ்ட் மாற்றி எழுதியதை வைத்துக்கொண்டுதான் அவ்வளவும்! அதே சமயம் அவர் மகானும் அல்ல. 1837-இல் மெயர்பீரின் ஓபெரா ஒன்றை அவர் தாக்கிய தாக்கில் நியாயத்தைவிட வெறுப்புதான் அதிகம் தெரிகிறது.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். 'கார்னவால்', 'குழந்தைப் பருவக் காட்சிகள்', 'கிரைஸ்லெரியானா' என்று ஷூமனின் புகழ்பெற்ற பியானோ படைப்புகள் பிறந்ததும் இதே வருடங்களில்தான். ஆனால் சொந்தப் பத்திரிகையில் சொந்த இசைக்கு அவர் தம்பட்டம் அடித்துக்கொள்ளவில்லை. அவருடைய பியானோ இசையைப் பாராட்டி 1837-இல் முக்கியமான கட்டுரை வந்தது ஒரு பாரிஸ் பத்திரிகையில். எழுதியவர் லிஸ்ட்.

தூசி படிந்த கட்டு

1838 இலையுதிர் காலத்தில் ஷூமன் வியன்னாவுக்குப் போனார். பத்திரிகையை அங்கே மாற்றிவிடலாம், கிளாராவைக் கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே வாழலாம் என்று திட்டம். (பழைய குரு வீக் இப்போது கடும் எதிரி. மகளைக் கொடுக்க மாட்டேன் என்று நின்றார்.) ஆனால் மெட்டர்னிக் காலத்து ஆஸ்திரியாவில் தணிக்கை கடுமை. அனுமதி கிடைக்கவில்லை. 1839 ஏப்ரலில் ஊர் திரும்பினார். திட்டப்படி பார்த்தால் முழுத் தோல்வி.

ஆனால் அங்கே இருந்தபோது, 1839 புத்தாண்டு நாளில், ஷூபர்ட்டின் அண்ணன் ஃபெர்டினாண்டைப் பார்க்கப் போயிருந்தார். ஷூபர்ட் இறந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அண்ணன் வீட்டில் கையெழுத்துப் பிரதிகள் குவிந்து கிடந்தன. அதில் ஒரு பெரிய சிம்பொனி. உடனே அதை லைப்சிக்குக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். மார்ச் 21-ஆம் தேதி மெண்டல்சன் அதை நடத்தி அரங்கேற்றினார். அடுத்த ஆண்டு ஷூமன் தன் பத்திரிகையில் அதைப் பற்றி எழுதினார். அதன் நீளம் ஒரு குறை அல்ல, அது ஒரு வரம் என்று வாதாடினார். பீத்தோவனின் கல்லறையில் தனக்கு ஒரு எஃகுப் பேனா கிடைத்ததாகவும், விசேஷங்களுக்கு மட்டுமே அதை எடுப்பதாகவும் அதே கட்டுரையில் சொல்கிறார்.

இங்கே கொஞ்சம் நிற்போம். அந்தக் கட்டு பத்து வருடமாக அங்கேதான் கிடந்தது. கேட்டு வாங்கி, ஊருக்கு அனுப்பி, வாசிக்கவைத்து, அதைப் பற்றி எழுத ஒரு இடமும் வைத்திருந்த ஆள் வந்தபோதுதான் அது உயிர் பெற்றது. நூற்றுக்கணக்கான இதழ்களில் இன்று யாருக்கும் நினைவில்லாத படைப்புகளைப் பற்றி எழுதிக்கொண்டே இருந்தவர் ஷூமன். அந்த இதழ்கள் வீண் அல்ல. கடை தினமும் திறந்திருந்ததால்தான் அன்றைக்கு வந்த சரக்கை இறக்க முடிந்தது.

கை மாறினால்...

வீக்கோடு நடந்த வழக்கு ஜெயித்து, 1840 செப்டம்பர் 12-இல் கல்யாணம் நடந்தது. அந்த ஒரே வருடத்தில் ஷூமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை எழுதினார். இசையமைப்பு முழு நேரம் கேட்டது. உடலும் மனமும் தளர்ந்தன. 1844-இல் கிளாராவின் ரஷ்யப் பயணம் முடிந்து திரும்பியபின் ஆசிரியர் பொறுப்பை விட்டார். 1845 முதல் ஃபிரான்ஸ் பிரெண்டெல் ஆசிரியர்.

நல்ல முடிவுதான், தேவையான முடிவும்கூட. ஆனால் பத்திரிகை என்பது வீடு மாதிரி. விற்றுவிட்டால் யாரைக் குடிவைப்பது என்பது நம் கையில் இல்லை. 1850 செப்டம்பரில் அதே பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. யூதர்களால் உண்மையான இசையைப் படைக்கவே முடியாது என்ற விஷம் அது. அதற்கு உதாரணமாக இழுக்கப்பட்டவர், மூன்று வருடம் முன்பு இறந்திருந்த மெண்டல்சன்! எழுதியவர் புனைபெயரில் ஒளிந்திருந்த ரிச்சர்ட் வாக்னர். ஷூமன் சந்தேகத்தைச் சொல்லப் பயன்படுத்திய புனைபெயர் என்ற கருவி, இப்போது துவேஷத்தை மறைக்கப் பயன்பட்டது. லைப்சிக் இசைக் கல்லூரி ஆசிரியர்கள் பலர் பிரெண்டெலை நீக்கக் கோரினார்கள். நடக்கவில்லை. வாக்னர் 1869-இல் அதைச் சொந்தப் பெயரிலேயே மறுபடி வெளியிட்டார்.

ஷூமன் அந்தப் பத்திரிகைக்குத் திரும்பிவந்து எழுதியது ஒரே ஒரு புகழ்பெற்ற கட்டுரை. 1853 அக்டோபர் 28, தலைப்பு 'புதிய பாதைகள்'. 20 வயதுப் பையன் ஒருவனை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பெயர் யோஹானஸ் பிராம்ஸ். 1831-இல் ஷோப்பானுக்காகப் பேசியவரின் ரசனை 22 வருடத்தில் கொஞ்சமும் மழுங்கவில்லை.

நான்கு மாதத்தில், 1854 பிப்ரவரியில், ஷூமன் ரைன் நதியில் குதித்தார். காப்பாற்றினார்கள். மனநல விடுதியிலேயே இருந்து 1856 ஜூலை 29-இல் இறந்தார். பழைய கட்டுரைகளை அவர் தொகுத்து வைத்திருந்தார். அவை நான்கு தொகுதிகளாக வெளிவந்ததும் 1854-இல்தான்.

1860-இல் பிராம்ஸும் நண்பர்களும் ஒரு கண்டன அறிக்கை வெளியிட்டார்கள். யாரை எதிர்த்து? பிரெண்டெலின் கையில் இருந்த அதே பத்திரிகை பரப்பிய இசைக் கொள்கையை எதிர்த்து. அந்தப் பத்திரிகை உலகுக்குக் காட்டிய பிள்ளையே அதற்கு எதிராகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

எனக்குத் தோன்றுவது இதுதான். வருடக்கணக்கில் ஒன்றை நடத்துவதால் ஊருக்குக் கிடைக்கும் லாபத்தை அன்றன்று எண்ண முடியாது. அது எப்போதோ ஒரு நாள், யாரோ ஒருவருக்காக வரும். ஒரு தூசி படிந்த கட்டாக வரும், கதவைத் தட்டும் 20 வயதுப் பையனாக வரும். அதுவரை கதவைத் திறந்து வைத்திருக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் கிளம்பிய பிறகு கதவு மட்டும் திறந்து கிடந்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்கள் என்பதுதான் இந்தக் கதையின் கசப்பான பாதி.

ஷூமனை இதுவரை கேட்காதவர்கள் 'குழந்தைப் பருவக் காட்சிகள்' தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். குட்டிக் குட்டித் துண்டுகள்தான். வாரம் இரண்டு இதழ் அச்சுக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆள் எழுதியது என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்டுவிட்டு எப்படி இருந்தது என்று சொல்லுங்கள்.