தூரத்து வகுப்பறைக்கு எழுதுறது

ரெண்டு ஊர் வகுப்பறைகள் சேர்ந்து வாசிச்சு எழுதுறது கொரோனாவோட வந்த விசயம் எண்டுதான் எங்களில் பலர் நினைக்கிறோம். ஆனால் அது இன்ரநெற்றை விட மூத்தது.

செலஸ்தான் ஃபிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியர் முதலாம் உலகப்போரில் நுரையீரலில் காயப்பட்டவர். வகுப்பில் நெடுநேரம் கதைக்க மூச்சு இடங்கொடாது. 1924இல் தன் கிராமத்துப் பள்ளிக்கு ஒரு சின்ன அச்சுப்பொறி வாங்கினார். பிள்ளைகள் தாங்கள் எழுதினதைத் தாங்களே எழுத்துக் கோத்து அச்சடித்தார்கள். அந்தத் தாள்கள் தபாலில் நாட்டின் மற்ற மூலைக்கு, பிரித்தானியில் ரெனே தானியல் என்பவரின் வகுப்புக்குப் போயின. அங்கிருந்தும் தாள்கள் வந்தன. ஆசிரியருக்கு எழுதேக்க எங்கட ஊரை விளக்கத் தேவையில்லை, அவருக்குத் தெரியும். தூரத்தில இருக்கிற பிள்ளைக்கு விளக்கத்தான் வேணும். இந்த முறையின்ர பலமே அதுதான் எண்டு எங்களுக்குப் படுகிறது.

1988இல், பனிப்போர் முடிய முன்னமே, நியூயோர்க் மாநிலத்தின் 12 பள்ளிகளையும் மொஸ்கோவின் 12 பள்ளிகளையும் கணினியால் இணைச்சார்கள். ஐஏர்ன் என்ற உலகப் பள்ளி வலையமைப்பு அதிலிருந்துதான் வளர்ந்தது.

தமிழில் நடந்தது கொஞ்சம் விசித்திரம். எங்களிட்ட இந்தக் கூட்டுவேலை வகுப்பறைக்கு வெளியில தொடங்கினது. 1998 தைப்பொங்கலோடு சுவிற்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். ஒருவரையொருவர் நேரில காணாத ஆக்கள் வேறவேற நாடுகளில் இருந்து பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா. 2005இல் நூலகம் திட்டம். 1981இல் யாழ் நூலகம் எரிஞ்சதைக் கேட்டு வளர்ந்த ஆக்களுக்கு அதின்ர அவசரத்தை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

இந்த ஆண்டுகளுக்குள்தான் செட்டிகுளம் வருகிறது. 2009இல் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். முகாம் பிரிவுகளுக்குக் கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் எண்டு பெயர். (படிச்ச தமிழரின்ர பெயராப் பார்த்துத்தான் வைச்சிருக்கினம்!) கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பள்ளிகளின் பிள்ளைகள் ஒரே கொட்டிலுக்குள் இருந்து படித்தார்கள். படிப்பித்த ஆசிரியர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான். அந்த வருசப் பரீட்சையையும் முகாமுக்குள் இருந்தே எழுதினார்கள். உலகம் முழுக்கத் தமிழர் நூல்களை மின்னாக்கிக்கொண்டு இருந்த அதே மாதங்களில் இந்த வகுப்பறைக்கும் அந்த வேலைக்கும் இடையில் கம்பி வேலி நின்றது. 2012 செப்ரெம்பரில் முகாம் மூடப்பட்டது. ஒரே வாங்கில் இருந்த பிள்ளைகள் பழையபடி தூரத்துப் பள்ளிகளுக்குப் பிரிந்தார்கள். அவர்களை எழுத்தால் இணைச்சு வைச்சிருக்க அதைவிட நல்ல தருணம் வேற எது?

2020 மார்ச்சில் பள்ளிகள் பூட்டின பிறகு போன் வகுப்பறையானது. ஆனால் பெரும்பாலும் நடந்தது என்ன? வட்சப்பில் நோட்ஸின் படம் வரும், பிள்ளை கொப்பியில் பார்த்து எழுதும், அதைப் படமெடுத்துத் திருப்பி அனுப்பும். சிக்னலுக்காக மரத்தடியைத் தேடிப் போய்ச் செய்தது இதைத்தான். ஃபிரெனேயின் தபால்காரர் இதைவிடக் கூடச் சுமந்தார்.

கூகுள் டொக்ஸ் மாதிரி ஒரு பகிர்ந்த ஆவணத்துக்குப் பெரிய டேற்றா தேவையில்லை. யார் எந்த வரியை மாத்தினது எண்டதையும் அது வைச்சிருக்கும். செட்டிகுளத்தில் ஒரு வகுப்பு, ஹற்றனில் ஒரு வகுப்பு போதும். எங்கட பிள்ளை "குளம் வான் பாயுது" எண்டு எழுதினால் ஹற்றன் பிள்ளை அந்த வரியின் ஓரத்தில் கேட்கும்: வான் எண்டால் ஆகாயமா? அது "அம்மாவுக்கு இண்டைக்கு அரைப்பேர்" எண்டு எழுதினால், கொழுந்து நிறை குறைஞ்சால் அரைநாள் சம்பளம்தான் எண்டதை எங்கட பிள்ளை கேட்டுத்தான் தெரிஞ்சுகொள்ளும்.