அமெரிக்கவியல் மாநாடும் அதை நடத்தும் பல்கலைக்கழகமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இலக்கியம், வரலாறு, அரசியல், சமூகம் ஆகியவற்றைத் தனித்தனியே பிரிக்காமல் ஒருங்கே வைத்து ஆராயும் கல்வித்துறை அமெரிக்கவியல் எனப்படும். 1930களில் ஹார்வர்ட் முதலிய பல்கலைக்கழகங்களில் உருப்பெற்ற இத்துறைக்கு, 1949 இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்திலிருந்து 'அமெரிக்கன் குவாட்டர்லி' என்ற ஆய்விதழ் கிடைத்தது. 1951 இல் அமெரிக்கவியல் சங்கம் தோன்றியது. ஆயினும் இத்துறையின் மாநாடுகளில் பல அமெரிக்காவுக்கு வெளியேதான் நடைபெறுகின்றன. ஒரு நாட்டைப் பற்றிய ஆய்வுக்கு வேறொரு நாட்டுப் பல்கலைக்கழகம் இடம் கொடுக்கும்போது எழும் கேள்விகளே இவற்றைக் கவனத்துக்குரியவை ஆக்குகின்றன.

தொடக்கம்: சால்ஸ்பர்க், 1947

இவ்வகைக் கூடுகைகளின் முன்னோடி, 1947 கோடையில் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நகரில் லியோபோல்ட்ஸ்க்ரோன் மாளிகையில் நடந்த கருத்தரங்கு ஆகும். அது நாடக இயக்குநர் மாக்ஸ் ரைன்ஹார்ட்டுக்குச் சொந்தமாக இருந்து நாஜிகளால் பறிக்கப்பட்ட மாளிகை. கிளெமென்ஸ் ஹெல்லர் என்ற ஆஸ்திரியரும் அவருடைய ஹார்வர்ட் நண்பர்கள் இருவரும் இதற்கு ஏற்பாடு செய்தனர். ஹார்வர்ட் மாணவர் மன்றம் நிதி திரட்ட உதவியது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரெதிராகப் போரிட்ட நாடுகளின் இளைஞர்கள் ஒரே கூரையின் கீழ் தங்கிப் படித்தார்கள். மானிடவியலாளர் மார்கரெட் மீட், பொருளியலாளர் வாசிலி லியோன்டியெஃப், விமர்சகர் ஆல்ஃப்ரெட் கேசின் ஆகியோர் கற்பித்தனர்.

அங்கே இலக்கியம் கற்பித்த எஃப். ஓ. மத்தீசன் சோஷலிசவாதி, தம் நாட்டு அரசின் கொள்கைகளை வெளிப்படையாக விமர்சித்தவர். அமெரிக்காவைப் பற்றிப் பேசுவது வேறு, அமெரிக்க அரசுக்காகப் பேசுவது வேறு என்பதற்கு அவரது வகுப்புகளைச் சான்றாகக் கொள்ளலாம். பின்னர் 1954 இல் ஐரோப்பிய அமெரிக்கவியல் சங்கமும், 1955 இல் பிரித்தானிய அமெரிக்கவியல் சங்கமும் உருவாயின. பிரித்தானியச் சங்கத்தின் ஆண்டு மாநாடு பல்கலைக்கழகம் மாறி மாறி நடைபெறுவது வழக்கம்.

நடத்தும் முறை

ஏற்று நடத்தும் துறை ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே பொதுத் தலைப்பை அறிவித்து, ஆய்வுச் சுருக்கங்களை வரவேற்கும். ஒரு குழு அவற்றைப் படித்துத் தேர்ந்தெடுக்கும். ஓர் அமர்வுக்கு மூன்று அல்லது நான்கு கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 20 நிமிடங்கள், இறுதியில் கேள்வி நேரம் என்பது பொதுவான அமைப்பு. அழைக்கப்பட்ட அறிஞரின் சிறப்புரையும் பதிப்பகங்களின் புத்தகக் காட்சியும் இருக்கும். விசா அழைப்புக் கடிதம், தங்குமிடம், உணவு என்று கண்ணுக்குத் தெரியாத வேலைகளை அத்துறையின் ஆசிரியர்களும் ஆய்வு மாணவர்களும் சுமக்கிறார்கள்.

செலவுக்குப் பதிவுக் கட்டணமும் பல்கலைக்கழக மானியமும் பெரும்பாலும் போதுவதில்லை. அந்நாட்டிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தின் உதவியை நாடும் வழக்கம் பரவலாக உண்டு. சிக்கல் தொடங்கும் இடமும் அதுவே.

ஹைதராபாத்தும் கோதுமைப் பணமும்

இந்தியாவில் இத்துறைக்கு நடுநாயகமாக இருந்தது, 1964 இல் உஸ்மானியா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய அமெரிக்கவியல் ஆய்வு மையம். அதன் பின்னணியில் இருந்தது 1954 ஆம் ஆண்டின் 'பி.எல். 480' சட்டம். அச்சட்டத்தின்படி அமெரிக்கக் கோதுமையை வாங்கிய இந்தியா, விலையை ரூபாயிலேயே செலுத்தியது. அந்த ரூபாய் இந்தியாவிலேயே அமெரிக்கக் கணக்கில் குவிந்தது. அதில் ஒரு பங்கு கல்விப் பணிகளுக்கும் சென்றது. அமெரிக்க நூல் ஒன்றைக் காண்பதே அரிதாயிருந்த காலத்தில், இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஆய்வாளர்கள் ஹைதராபாத் வந்து தங்கி, அதன் நூலகத்தில் படித்தார்கள், கருத்தரங்குகளில் கூடினார்கள். 1990களில் மையத்தின் பெயரும் நோக்கமும் பன்னாட்டு ஆய்வு என்று விரிந்தன.

இதே கணக்கின் மறுபக்கம் தமிழருக்கு நெருக்கமானது. 1960களின் தொடக்கம் முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், இந்த ரூபாயைக் கொண்டு இந்திய மொழி நூல்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. சிகாகோ போன்ற இடங்களில் இன்றுள்ள பழைய தமிழ் நூல் தொகுப்புகளில் கணிசமானவை அவ்வழியே சென்றவை. இங்கு வந்த கோதுமைக்கு ஈடான பணத்தில் அமெரிக்க நூல்கள் ஹைதராபாத்தையும், தமிழ் நூல்கள் சிகாகோவையும் அடைந்தன.

ஆனால் அது வியட்நாம் போர்க்காலம். பண்பாட்டுச் சுதந்திரக் காங்கிரஸ் என்னும் அமைப்புக்கு சி.ஐ.ஏ. பணம் தந்தது 1966-67 இல் அம்பலமானபோது, அமெரிக்க நிதியில் நடக்கும் எந்தக் கருத்தரங்கையும் ஐயத்தோடு பார்ப்பது இயல்பாயிற்று. அந்த ஐயம் காரணமற்றதன்று. அதே வேளை, தோரோவையும் ரிச்சர்ட் ரைட்டையும் படித்த ஆசிரியர் அமெரிக்க அரசின் ஊதுகுழல் ஆகிவிடவில்லை. ஒத்துழையாமையையும் நிறவெறிக்கு எதிரான குரலையும் கற்பித்த நூல்களும் அந்த நூலகங்களின் வழியேதான் கைக்குக் கிடைத்தன.

அண்மைக்கால மாற்றங்கள்

2000 இல் பன்னாட்டு அமெரிக்கவியல் சங்கம் தோன்றியது. 2004 இல் அமெரிக்கவியல் சங்கத் தலைவர் ஷெல்லி ஃபிஷர் ஃபிஷ்கின், வெளிநாட்டு ஆய்வாளர்களின் பார்வை துறைக்கு இன்றியமையாதது என்று தம் தலைமையுரையில் வலியுறுத்தினார். 2013 டிசம்பரில் அச்சங்க உறுப்பினர்கள் இஸ்ரேலியக் கல்வி நிறுவனங்களைப் புறக்கணிக்க வாக்களித்தது பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2025 ஜூனில் ஃபுல்பிரைட் வாரியத்தின் பெரும்பாலான உறுப்பினர்கள், புலமைப்பரிசில் தேர்வில் அரசியல் தலையீடு இருப்பதாகக் கூறிப் பதவி விலகினர்.

ஆகவே, மாநாட்டை ஏற்கும் பல்கலைக்கழகம் முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பணம் யாருடையது என்பதை நிகழ்ச்சி நிரலில் வெளிப்படையாக அச்சிட வேண்டும். கட்டுரைத் தேர்வில் நிதி கொடுத்தவருக்கு இடம் இருக்கக் கூடாது. அந்த நாட்டைக் கடுமையாக விமர்சிக்கும் கட்டுரைக்கும் அதே 20 நிமிடங்கள் தரப்பட வேண்டும். தமிழியல் மாநாடுகளைப் புலம்பெயர் மண்ணில் நடத்த முனையும் நமக்கும் இவை பொருந்தும்.