அரை ஆழாக்குக் குருதி

ஒரு கிலோ எடையுடன் பிறக்கும் குறைமாதக் குழந்தையின் உடலில் ஓடும் குருதி முழுவதும் ஏறத்தாழ 90 மில்லிலிட்டர், அதாவது பழைய முகத்தலளவையில் அரை ஆழாக்கை ஒட்டிய அளவுதான். பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் ஆக்சிஜன் பெருகுவதால், சிவப்பணுக்களை ஆக்குமாறு எலும்பு மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்னும் சுரப்பு எல்லாக் குழந்தைகளிடமும் தணிகிறது. குறைமாதக் குழந்தையிடமோ அச்சுரப்பு சிறுநீரகத்துக்கு இடம் மாறாமல், ஆக்சிஜன் குறைவை மந்தமாகவே உணரும் கல்லீரலில் தங்கியிருக்கிறது. சிவப்பணுக்களின் ஆயுளும் குறைவு, உடலும் விரைந்து வளர்கிறது; ஆகவே ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபின், பிறந்த 4 முதல் 8 வாரங்களுக்குள் மிகத் தாழ்ந்த நிலையை அடைகிறது. இவற்றோடு மருத்துவமே உண்டாக்கும் இழப்பும் சேர்கிறது: பரிசோதனைக்கென எடுக்கப்படும் ஒவ்வொரு மில்லிலிட்டரும், வளர்ந்தவர் ஒருவரிடம் 50 மில்லிலிட்டருக்கு மேல் எடுப்பதற்கு ஒப்பாகும்.

பச்சிளங் குழந்தைக்குக் குருதி ஏற்றிய வரலாற்றில் 1908ஆம் ஆண்டு நியூயார்க்கில் நடந்த ஒரு சிகிச்சை தனித்து நிற்கிறது. உறைதல் குறைபாட்டால் குருதி பெருகிச் சாகும் நிலையில் இருந்த ஒரு குழந்தையின் கால் சிரையைத் தந்தையின் கைத் தமனியோடு அறுவை மருத்துவர் அலெக்சிஸ் காரெல் நேரடியாகத் தைத்து இணைத்தார், குழந்தை பிழைத்தது. எவ்வளவு குருதி சென்றது என்று அளக்க அங்கே கருவி ஏதும் இல்லை. வெளுத்த தோல் சிவந்ததே அளவுகோல். 1914, 1915ஆம் ஆண்டுகளில் பிரஸ்ஸல்சில் ஊஸ்தேனும், புவனஸ் அயர்சில் அகோத்தேயும், நியூயார்க்கில் லூயிசனும் சோடியம் சிட்ரேட்டைக் கலந்து குருதியை உறையாமல் காக்க முடியும் எனக் காட்டிய பின், ஊசிக்குழலால் சிறுகச் சிறுக அளந்து கொடுப்பது எளிதாயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகியபோது, பரிசோதனைக்கு எடுத்த குருதியை ஈடுகட்டவே திரும்பத் திரும்ப ஏற்றும் வழக்கம் வேரூன்றியது. ஒரே குழந்தையின் உடலில் பலருடைய குருதி புகுந்ததன் ஆபத்து 1982 டிசம்பரில் வெளிப்பட்டது: பல முறை குருதி பெற்ற சான் பிரான்சிஸ்கோ குழந்தை ஒன்றுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் கண்டிருப்பது அமெரிக்காவில் அறிவிக்கப்பட்டது. ஒருவர் தந்த குருதியைச் சிறு பைகளாகப் பிரித்து ஒரே குழந்தைக்கு ஒதுக்குவதும், எரித்ரோபொய்ட்டினை மருந்தாக ஊசியில் செலுத்துவதும், தொப்புள்கொடியைச் சற்றுப் பொறுத்துக் கட்டுவதும் பின்வந்த ஆண்டுகளில் பரவிய காப்புகள். இவற்றுள் கடைசியானதே மிக இயல்பானது என்று கருத இடமுண்டு, ஏனெனில் நஞ்சுக்கொடியில் நிற்கும் குருதி அக்குழந்தைக்கே உரியது. அவசரமாகக் கட்டுவது தீங்கென ஆங்கில மருத்துவர் எராஸ்மஸ் டார்வின் 1801இலேயே எச்சரித்திருந்தார்.

ஆயினும் எந்த நிலையில் குருதி ஏற்ற வேண்டும் என்பது விடைபெறாத வினாவாகவே நீடித்தது. விரலிலோ பாதத்திலோ பொருத்தப்படும் கருவி, ஒவ்வொரு ஹீமோகுளோபினும் ஆக்சிஜனால் எவ்வளவு நிரம்பியுள்ளது என்பதைச் சொல்லுமேயன்றி, அவை எத்தனை உள்ளன என்பதைச் சொல்லாது. வண்டிகள் யாவும் நிறைந்து வந்தாலும், வண்டிகளே சில என்றால் சந்தையில் தட்டுப்பாடுதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்ஸ் யோப்சிஸ், அகச்சிவப்பை ஒட்டிய ஒளி மண்டையோட்டையும் ஊடுருவி மூளைத் திசுவின் ஆக்சிஜன் நிலையைக் காட்டும் என்று 1977இல் நிறுவியதால் இத்தடை ஓரளவு நீங்கியது. 1980களின் நடுவில் டியூக்கிலும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் குழந்தைகளின் தலையில் அவ்வொளி செலுத்தப்பட்டது. இரத்தசோகையில் மூளை, வரும் ஆக்சிஜனில் வழக்கத்தைவிடப் பெரும் பங்கை இழுத்துக்கொள்கிறது என்பதும், குருதி ஏற்றியபின் திசுவின் ஆக்சிஜன் நிறைவு உயர்ந்து அந்த இழுப்பு தணிகிறது என்பதும் இதன்வழி புலனாயின.

2020இல் வெளிவந்த இரு பெரும் ஆய்வுகள், ஒன்றில் 1,013 குழந்தைகளும் மற்றொன்றில் 1,824 குழந்தைகளும் பங்குபெற, ஹீமோகுளோபின் சற்றுக் குறைந்ததுமே ஏற்றுவதற்கும் மேலும் குறையும்வரை பொறுத்து ஏற்றுவதற்கும் இடையே, ஏறத்தாழ இரண்டு வயதில் இறப்பிலோ மூளை வளர்ச்சிக் குறைபாட்டிலோ தெளிவான வேறுபாடு இல்லை எனக் கண்டன. அவை ஏற்றும் நேரத்தை முடிவு செய்தது குருதியில் அளந்த எண்ணால், திசுவின் தேவையால் அன்று. மூளைத் திசுவின் ஆக்சிஜன் அளவைப் பார்த்தே சிகிச்சையை நடத்திய 1,601 குழந்தைகளின் ஆய்வு 2023இல் நன்மை காட்டவில்லை. ஆனால் அது கவனித்தது பிறந்த முதல் மூன்று நாட்களை, இரத்தசோகை ஆழமாவதோ வாரங்கள் கழிந்த பின்.