பாதுகாவலர் சான்றிதழ் பிறந்த கதை

அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு 18 வயது நிரம்பியதும் துறையூர்ப் பெற்றோர் திருச்சி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு தாளுக்காக வருகிறார்கள். அதன் பெயர் சட்டப் பாதுகாவலர் சான்றிதழ். மகன் மேஜர் ஆன நாளோடு, அவனுக்காகக் கையெழுத்துப் போடும் உரிமை தாய் தந்தையரிடமிருந்து போய்விடுகிறது.

1890-இன் காப்பாளர் சட்டம் மைனர்களோடு நின்றுவிடும். அதற்கு மேல் இருந்தது 1912-இன் பைத்தியக்காரர் சட்டம்: மாவட்ட நீதிமன்றம், வக்கீல், விசாரணை. அதற்குப் பதிலாக வந்த 1987-இன் மனநலச் சட்டம், மனவளர்ச்சிக் குறைபாட்டை மனநோயிலிருந்து விலக்கிவைத்தது. விலக்கியது நியாயம்தான், ஆனால் இருந்த ஒரே வாசலும் அடைபட்டது.

‘எங்களுக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வியோடு நாடெங்கும் பெற்றோர் சங்கங்கள் கூடின. 1995-இல் அவை ‘பரிவார்’ என்ற கூட்டமைப்பாயின. 1999 டிசம்பரில் தேசிய அறக்கட்டளைச் சட்டம் வந்தது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கும் அதில் அடங்கும். கோர்ட்டுக்குப் பதில், ஆட்சியர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் குழு முடிவெடுக்கும். நியமனமான பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியல் தர வேண்டும். ஆண்டுதோறும் கணக்கும் காட்ட வேண்டும்.

குழு முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: இவருக்குப் பாதுகாவலர் தேவையா? தேவையென்றால் எதற்கெல்லாம்? இந்தக் கேள்விகளின் கனம் பிறகுதான் கூடியது. 2007-இல் இந்தியா மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை ஏற்றது. 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலரும் மாற்றுத்திறனாளியும் கலந்துபேசி முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட பாதுகாவலை முன்வைத்தது.

அதே சட்டம் தரும் இலவசப் பள்ளிக் கல்வியும் 18-இல் முடிகிறது. பள்ளியும் பெற்றோரின் உரிமையும் ஒரே வயதில் கைவிடுகின்றன. அமெரிக்காவில் 1990 முதல், 16 வயதுக்குள் பள்ளியே அடுத்த வாழ்க்கைக்கான திட்டத்தை எழுதியாக வேண்டும். இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. ஆனாலும் பதினான்கு வயதிலேயே வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரும் பெற்றோரும் பையனும் சேர்ந்து உட்கார்ந்து அப்படியொரு திட்டம் போடலாம். பஸ் ஏறுவது, வங்கியில் பணம் எடுப்பது, பிடித்த வேலையைச் சொல்வது எல்லாமே பழகப் பழக வரும். அவனே செய்யக்கூடியவை கூடக்கூட, குழுவின் இரண்டாவது கேள்விக்கான பதில் சுருங்கும். பள்ளித் திட்டத்தின் வெற்றியை அதைக் கொண்டே அளக்கலாம்.